சுரண்டாமல் விட்ட வசனம்

வண்டியின் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதே என்று வயிறெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஜாஸ்பின் ஒருத்தியாகத்தான் இருப்பாள். களியக்காவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஷாஜனின் பழைய கார் யார்டில், தகரக் கூரைக்கு அடியில், மடியில் ஃபைலை விரித்து வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொய்யாவது அகப்படாதா என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

எதிரே நின்றது ஒரு பெரிய வெள்ளை ஜப்பான் வண்டி. இங்கிலாந்தில் வேலை பார்த்த ஒரு டாக்டர் ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டுவந்தது என்றான் ஷாஜன். வெளிநாட்டில் ஓடிய வண்டி இந்தியாவுக்குள் வர வேண்டுமென்றால் பம்பாய்த் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். இது அங்கேதான் இறங்கியிருந்தது. சுங்கத் தீர்வை கட்டிய ரசீது வேண்டும், இருந்தது. டாக்டரின் பெயரில் முதல் பதிவு, அந்தப் பதிவு நடந்த மாநிலத்து ஆர்.டி.ஓ. கொடுத்த தடையில்லாச் சான்று, கேரளத்தில் மறுபதிவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தான். ஜாஸ்பின் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பானெட்டைத் திறக்கச் சொல்லி, இரும்பில் அடித்திருந்த சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். தாளில் ஏறிய நம்பரும் இறக்குமதிப் பத்திரத்தில் இருந்த நம்பரும் ஒன்றேதான்.

"சிஸ்டர், நீங்க நர்ஸா, இல்ல கஸ்டம்ஸ் ஆபீசரா?" என்று ஷாஜன் சிரித்தான். "இப்பிடிப் பேப்பர் பாக்கிய ஆள நான் கண்டதே இல்ல கேட்டியளா. பாருங்க, நல்லா பாருங்க. நமக்க கிட்ட கள்ளமே கிடையாது."

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சபைக் கமிட்டியின் அடையாள அட்டை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஜாஸ்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

அவளுடைய கணவன் ஸ்மைலின் இதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். எதற்காக வந்தோம் என்று வீட்டில் வைத்து ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். சீட்டில் உட்கார்ந்ததும் மனுஷன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

"கொள்ளாமே வண்டி! இஞ்ச பாரு ஜாஸ்பின், ஏ.சி. பின்சீட்டுக்கும் தனியா உண்டு" என்றான்.

வண்டி வாங்க வந்தவன் அவன் ஒருவன்தான். அவள் வந்தது ஷாஜனை வாங்க.

ஷாஜனுக்கு அவளைத் தெரியாது. ஆனால் அவளுடைய அண்ணனை நன்றாகத் தெரியும். அருமனைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பெயர் ஜான்ரோஸ். சபையில் பாடகர் குழுவில் நின்றால் அவன் குரல் வாசல் வரைக்கும் கேட்கும். குடியில்லை, சீட்டாட்டமில்லை. பெரிய வண்டி ஒன்று ஓட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு. அந்த ஆசைக்குத் தோட்டத்தில் ஒரு துண்டை விற்று, ஷாஜனிடம் ஒரு கறுப்பு ஜப்பான் வண்டியை வாங்கினான். ஜாஸ்பின் அப்போது மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். வீடியோவில்தான் வண்டியைப் பார்த்தாள். அண்ணன் ஹாரன் அடித்துக் காட்டினான், அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து கை காட்டினாள்.

"ஒரிஜினல் பேப்பரெல்லாம் கொச்சியில இருக்கு சார், உங்க பேருக்கு மாறி வந்திரும்" என்று ஷாஜன் சொல்லியிருந்தான். வரவே இல்லை. அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. கஸ்டம்ஸ் என்று சொல்லிக்கொண்டு யூனிஃபார்ம் போட்ட நாலு பேர் இறங்கினார்கள். கொரோனாக் காலமாதலால் எல்லோர் முகத்திலும் மாஸ்க். இது கள்ளத்தனமாக வந்த வண்டி, பேப்பரைக் காட்டு என்றார்கள். காட்ட என்ன இருந்தது? அதில் தடியாக இருந்த ஒருவன், டியூஷனுக்கு வந்திருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஜான்ரோஸின் கன்னத்தில் அறைந்தான். "வாத்தியார் வேலையா பாக்குதே, கள்ளக்கடத்தலா பண்ணுதே?" என்று கேட்டான். வாய் திறந்தால் ஜெயில், வேலையும் போகும் என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஷாஜனுக்குப் போன் அடித்தபோது அவன் அழுதான். தானும் மாட்டிக்கொண்டதாகவும், ஒளிந்து திரிவதாகவும், இருக்கிற துண்டுக் காகிதங்களை எரித்துவிடும்படியும், என்றைக்காவது மறுபடி வந்து கூட்டிப் போனாலும் போவார்கள் என்றும் சொன்னான்.

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் ஜான்ரோஸைத் தின்றது. அதற்குப் பிறகு எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் அவன் பின்வாசல் வழியாக ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினான். வேலையை விட்டான், சபையை விட்டான், கல்யாணம் காட்சி எதற்கும் போகவில்லை. அம்மா இறந்தபோது ஜாஸ்பின் விமானம் பிடித்து வந்து சேர்ந்தாள். சவப்பெட்டியை எடுக்கப்போகும் நேரத்தில் பஞ்சாயத்து ஜீப் ஒன்று சாலையில் திரும்பியது. அவ்வளவுதான், தலைமகனைக் காணவில்லை. பாஸ்டர் காத்திருந்தார், ஊர் காத்திருந்தது, மழை வரும்போல இருந்தது. கல்லறையில் முதல் பிடி மண்ணை மகன் போட வேண்டிய இடத்தில் ஜாஸ்பின் போட்டாள். அன்றைக்கே மனதுக்குள் ஷாஜனுக்கு ஒரு குழி வெட்டி வைத்தாள்.

மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய், டியூட்டி ஓய்ந்த நேரமெல்லாம் வெளிநாட்டு வண்டி இறக்குமதிச் சட்டம் படித்தாள். கூட இருந்த நர்சுகள் சீரியல் பார்த்தார்கள், அவள் சுங்கத் தீர்வை பார்த்தாள். அவளுடைய கணக்கு எளியது. அண்ணனுக்குக் கள்ள வண்டி விற்றவன் இன்னொருவனுக்கும் விற்பான். வாங்குகிறவளைப் போலப் போய், பேப்பரில் பொய்யைக் கண்டுபிடித்து, அவனை உண்மையான கஸ்டம்ஸிடம் பிடித்துக் கொடுப்பது. இந்த வருஷம் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம் இந்த யார்டுக்கு வந்ததுதான்.

இப்போது பார்த்தால் வண்டி சுத்தம், பேப்பர் அதைவிடச் சுத்தம். படித்ததெல்லாம் வீணாய்ப் போனது. எழுந்து போய் அவன் முகத்தில் ஃபைலை விட்டெறியலாமா என்றிருந்தது.

"உள்ள ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, ஸ்மைலினுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

எதிரே டேஷ்போர்டில் இந்த வருஷத்து வாக்குத்தத்த வசனம், பைபிளிலிருந்து எடுத்த ஒரு வரி, ஒட்டியிருந்தது. நம்முடைய சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொன்று கையில் தருகிற ஸ்டிக்கர்தான். வீட்டு நிலையில் ஒன்று, பீரோவில் ஒன்று, வண்டியில் ஒன்று ஒட்டுவார்கள். 2025 என்று போட்டு ஷாஜனின் சபைப் பெயர் அச்சடித்திருந்தது. ஜாஸ்பினின் விரல் சும்மா அதன் ஓரத்தைத் தடவியது. தடிமனாக இருந்தது. ஒரு ஸ்டிக்கர் இவ்வளவு தடிமனாக இருக்காது.

அவளுக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அவள் வீட்டிலும் இதே வழக்கம்தான். வருஷம் முடிந்தால் பழைய வசனத்தை யாரும் சுரண்டுவதில்லை. ஆண்டவருடைய வார்த்தையை நகத்தால் சுரண்டிக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவார்கள்.

ஷாஜன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். ஜாஸ்பின் நகத்தால் ஓரத்தைப் பையத் தூக்கினாள். கீழே 2024, கருங்கல் ஊர்ப் பக்கத்துச் சபை ஒன்றின் பெயர். அதன் ஓரத்தையும் தூக்கினாள். அதற்கும் கீழே 2022. அருமனை, அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை. அடியில் சின்ன எழுத்தில், அச்சுச் செலவு ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்: அன்பளிப்பு, ஜான்ரோஸ் குடும்பத்தார்.

அந்த வருஷம் அண்ணன்தான் சபை முழுவதற்கும் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தான். வண்டி வாங்கிய சந்தோஷத்தில் செய்தது. அந்தச் சபையில் வெளிநாட்டு வண்டி வைத்திருந்த வீடு வேறொன்று கிடையாது.

கதவைத் திறந்து அதன் உள்விளிம்பைப் பார்த்தாள். ரப்பர் பட்டைக்கு அடியில் கறுப்புத் தாள் ஒரு விரலகலம் கிழிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வண்டிக்குக் கறுப்பு ஷீட் ஒட்டி, பொய் நம்பர் பலகை மாட்டி விற்றிருக்கிறான். அது அண்ணனின் வண்டிதான்.

கஸ்டம்ஸ் பிடித்துக்கொண்டு போன வண்டி யார்டுக்கு எப்படி வரும்? ஏலத்தில் எடுத்திருந்தால் ஏலப் பத்திரம் ஃபைலில் இருக்கும்; இல்லை. இந்த வண்டி பிடிபட்டதாக ஒரு காகிதத்திலும் ஒரு வரி இல்லை. பிடிபட என்ன காரணம் இருக்கிறது? இது முதலிலிருந்தே நல்ல வண்டி. நல்ல வண்டியைப் பேப்பர் தராமல் விற்று, பயமுறுத்தி வைத்து, பிறகு வேஷம் போட்ட நாலு பேரை அனுப்பிப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பிறகு கருங்கல்காரனுக்கு விற்றிருக்கிறான். அவனிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறான். அடுத்தவன் சொத்தைத் திருப்பித் திருப்பிப் பிடுங்க ஷாஜனுக்குக் கை கூசவில்லை. வசனத்தைச் சுரண்டத்தான் கூசியிருக்கிறது.

அண்ணன் குற்றமே செய்யவில்லை. இல்லாத ஒரு கேசுக்காக அம்மாவின் கல்லறைக்குக்கூட வராமல் ஒளிந்து கிடந்தான். ஜாஸ்பின் ஸ்டிக்கர் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு இறங்கினாள்.

"வண்டி நமக்குப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கிடுதோம்" என்றாள்.

ஸ்மைலின் வாயைப் பிளந்தான். மெய்யாகவா என்று கண்ணாலேயே கேட்டான்.

"ஒரே ஒரு காரியம். எனக்க அண்ணன் சரின்னு சொன்னாத்தான் பணம் இறங்கும். அவரு வெளிய வரமாட்டாரு, உடம்புக்குச் செரியில்ல. சனிக்கிழமை நீங்களே வண்டியக் கொண்டு வந்து காட்டணும்."

"எங்க சிஸ்டர் வீடு?"

"அருமனை தாண்டி. நாங்க கூடத்தானே வாறோம், வழி சொல்லுதேன்."

"சாரமில்ல, அமெரிக்காவுக்குன்னாலும் கொண்டு வாறேன்" என்றான் ஷாஜன். பேப்பர் சுத்தமாக இருப்பவனுக்கு என்ன பயம்?

இடையில் இருந்த நாட்களில் ஜாஸ்பின் சும்மா இருக்கவில்லை. சுங்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டாள். அப்படி ஒரு வண்டியை அந்த ஊரில் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று பதில் வந்தது. கருங்கல் சபையைத் தேடிப்போனாள். அங்கே ஜெபகனி என்றொரு ஓய்வுபெற்ற டீச்சர், அதே ஜீப், அதே நாலு பேர், அதே மிரட்டல். இத்தனை நாள் புருஷனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை என்று அந்த அம்மா அழுதாள். இரண்டு பேரும் போய்ப் போலீஸில் மனு கொடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மேடம் படித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கரை வச்சு நான் என்னத்த எழுதட்டும்? ஆளையும் வண்டியையும் ஒரே இடத்துல கொண்டு நிறுத்துங்க. போன் அடிங்க, நான் வாறேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஷாஜன் வண்டியைக் கழுவி, வாசனைத் தைலம் அடித்து, தானே ஓட்டிக்கொண்டு யார்டு வாசலுக்கு வந்தான். ஜாஸ்பின் முன்சீட்டில் ஏறினாள். ஸ்மைலின் ஒரு பொதி நேந்திரங்காய் சிப்ஸோடு பின்சீட்டில் ஏறி, ஏ.சி.யைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேல்புறம் ஊரைத் தாண்டும் வரைக்கும் ஷாஜன் தன் சபையின் புதுக் கட்டடத்துக்குத் தான் செய்த உபகாரங்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஜாஸ்பின் உம் கொட்டினாள். அருமனை ஜங்ஷன் வந்ததும், "இடது பக்கம்" என்றாள். திரும்பினான். கொஞ்ச தூரத்தில், "அந்த ரேஷன்கடை பக்கமா வலது" என்றாள். திரும்பினான், ஆனால் பேச்சு குறைந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வந்தன, வெயில் மறைந்தது.

"இங்க யாரு வீடு சிஸ்டர்?"

"எனக்க அண்ணன் வீடுன்னு சொன்னேனே."

அவள் டேஷ்போர்டிலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள். 2025 மெல்ல உரிந்து வந்தது.

"என்ன சிஸ்டர் செய்யுதிய? வசனத்தைப் போயி..."

"கிழிக்கல்ல. கீழ என்ன இருக்குன்னு பாக்குதேன். இது கருங்கல் சபை. 2024. ஜெபகனி டீச்சரு நல்லா இருக்காங்களான்னு கேக்க மாட்டியளா?"

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி வேகம் குறைந்தது. ஷாஜன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. இதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் இத்தனை நாள் சோறு தின்றாள். நன்றாகப் பார்த்தாள்.

"டீசல் தீர்ந்து போச்சு போலுக்கு. நான் போய் அடிச்சிட்டு..."

"அரை டாங்க் கிடக்கு. ஓட்டுங்க. அடுத்த வழி நேர. உங்களுக்கே தெரியுமே, ஒரு தடவ வண்டி கொண்டு வந்து விட்டிருக்கியளே."

2024ஐயும் உரித்தாள். அதன் கீழிருந்த பெயரை அவன் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு ஓரத்தில் ஒதுக்கித் திருப்பப் பார்த்தான். இரண்டு பக்கமும் தோட்டத்து மண்திட்டு, இந்தப் பெரிய வண்டி திரும்ப இடமில்லை. பின்சீட்டிலிருந்து ஸ்மைலின் முன்னால் குனிந்து, சிப்ஸ் எண்ணெய்க் கையை அவன் தோளில் வைத்தான்.

"நேர போங்க ஷாஜன். நல்லா ஓட்டுதிய" என்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜாஸ்பினுக்கு அவன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை.

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றதும் அவள் சாவியை உருவிக்கொண்டாள். ஸ்மைலின் இறங்கிப்போய் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தி அதன் முன்னால் நின்றான், ஒரு கையால் போலீஸுக்குப் போன் அடித்தான். ஜாஸ்பின் இறங்குவதற்குள் உள்ளே பின்வாசல் கதவு படாரென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியும், எத்தனை சொல்லி வைத்திருந்தாலும் வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணனின் கால் சொல் கேட்காது.

"அண்ணே!" என்று கத்தினாள். "ஓடாதண்ணே! கஸ்டம்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல! ஷாஜனைக் கொண்டு வந்திருக்கேன்! உனக்க வண்டியக் கொண்டு வந்திருக்கேன்!"

அண்ணி ரெஜிலா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். கடைசியில் வீட்டுப் பக்கவாட்டில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஜான்ரோஸ் வந்தான். தாடி வளர்ந்து, லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தான். வாத்தியாராக இருந்தபோது அவனைப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் அடையாளம் சொல்லமாட்டார்கள். வண்டியின் அருகே வந்து, திறந்திருந்த கதவு வழியாக டேஷ்போர்டைப் பார்த்தான். தன் பெயரைப் பார்த்தான். விரலால் தொட்டான்.

"இது வெள்ளையா?" என்று கேட்டான்.

"வெள்ளைதான் அண்ணே. முதல்லயே வெள்ளைதான். பேப்பரும் முதல்லயே நல்ல பேப்பர். நீ ஒரு கள்ளமும் செய்யல்ல. அன்னைக்கு வந்தது கஸ்டம்ஸே இல்ல. எல்லாம் இந்த மனுஷனுக்க ஏற்பாடு."

ஜான்ரோஸ் ஷாஜனைப் பார்த்தான். ஷாஜன் கைகூப்பினான். வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கியதை வட்டியோடு தருகிறேன், பிள்ளை குட்டிக்காரன், சபையில் தெரிந்தால் நான் செத்தேன் என்று வரிசையாகச் சொன்னான். ஜான்ரோஸ் அது ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"என்னைய அடிச்சானே, தடியா ஒருத்தன். அவனுக்க பேரு என்ன?"

ஷாஜனின் கண் கேட்டுப் பக்கம் போனது. "தங்கப்பன்."

"எந்த ஆபீஸு?"

"ஆபீஸ் ஒண்ணும் இல்ல சார். அவன்... அவன் கல்யாணத்துக்குப் பிரியாணி வைக்கிற ஆளு."

ரெஜிலா வாயில் கை வைத்தாள். "தங்கப்பன் மாஸ்டரா? கழுத்துல துவர்த்துத் துண்டு போட்டுக்கிட்டு நிப்பானே, அவனா? ஏ கர்த்தாவே! பக்கத்து வீட்டு அஜிஷாவுக்க கல்யாணத்துல அவனாக்கும் எனக்கு பிரியாணி விளம்புனது! 'இன்னொரு கஷணம் வைக்கட்டா அக்கா'ன்னு கேட்டான், நானும் சிரிச்சிட்டு வைக்கச் சொன்னேன்! மாஸ்க் போட்டிருந்த பாவிய எனக்கு எங்க தெரியும்!"

அந்தக் கல்யாணத்துக்கும் ஜான்ரோஸ் போகவில்லை. போயிருந்தால் அந்தக் குரலை ஒருவேளை அவன் கண்டுபிடித்திருப்பான். அவனுடைய கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. சிரிப்பைப் போல ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

"பிரியாணிக்காரன்" என்றான். "பிரியாணிக்காரனுக்குப் பேடிச்சு எனக்க அம்மைய அடக்கம் பண்ண வரல்ல நான்."

ஜாஸ்பினுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஷாஜனின் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "கேட்டியா? வட்டியோட தாறேன்னியே, இதுக்கு என்ன வட்டி தருவே? எங்கம்மா கல்லறையில இவன் போட வேண்டிய மண்ண நான் போட்டேன். அந்த மண்ண உனக்க வாயில போடணும்னுதான் நான் மஸ்கட்டுல இருந்து வந்திருக்கேன். மன்னிக்கச் சொல்லி வசனம் ஏதாவது சொல்லுவியா? சொல்லு பாப்போம். நான் மன்னிக்க மாட்டேன். உனக்க சபையில, உனக்க ஆளுங்க முன்னால, விலங்கு போட்டுக் கொண்டு போறத நான் பாக்கணும்."

அப்போது சாலையிலிருந்து ஒரு ஜீப் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஜான்ரோஸைப் பார்த்தார்கள். ரெஜிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வலது கால் ஒரு அடி பின்னால் போனது. செருப்பு கழன்றது. ஜீப் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது, காக்கிச் சட்டைகள் இறங்கின. ஜான்ரோஸின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, ஆனால் கால் அதற்கு மேல் நகரவில்லை.

ஓடியது ஷாஜன். சட்டையை ஜாஸ்பினின் கையிலேயே பாதி கிழித்து விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி, பின்பக்கமாகப் பாய்ந்து ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினான். ஸ்மைலின் கேட்டைத் திறக்கிறதா, துரத்துகிறதா என்று தெரியாமல் நின்றான். சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் முற்றத்துக்கு ஓடிவந்து, மரங்களுக்கு நடுவே எந்தப் பக்கம் போவது என்று விழித்தார்கள்.

"பதறாதிய" என்றான் ஜான்ரோஸ். பழைய வகுப்பறைக் குரல் அது. "அந்த வழியா ஓடினா சானல் வரும். தண்ணி நிறைய போகுது, தாண்ட முடியாது. இடது பக்கந்தான் திரும்பணும். அங்க ரப்பர் ஷீட் அடிக்கிய ஷெட்டு ஒண்ணு பாழடைஞ்சு கிடக்கு. அதுக்குப் பின்னாலதான் ஒளிவான். வேற இடம் கிடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான் எப்பவும் அங்கதானே ஒளியது" என்றான். கழன்ற செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டான். "வாங்க மேடம், நான் காட்டுதேன்."

காக்கிச் சட்டைகளுக்கு முன்னால், கையை வீசிக்கொண்டு, அவன் தோட்டத்துக்குள் இறங்கினான். ஜாஸ்பின் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் ஷாஜனின் சட்டைத் துண்டு இன்னும் இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு நெஞ்சு வலித்தது, அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"மச்சானைக் கூட்டிக்கிட்டு கல்லறைக்குப் போவோமா?" என்று ஸ்மைலின் மெதுவாகக் கேட்டான். "இன்னைக்கே போயிருவோம், என்ன?"

"போவோம்" என்றாள் ஜாஸ்பின். "முதல்ல அந்த ஷாஜனை இழுத்துக்கொண்டு வரட்டும். அதைப் பாக்காம நான் எங்கயும் வர மாட்டேன்."